குழாயில் இரண்டு மருந்து

பிளம் கிரீக் ஊருக்குள் போய் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்டிஸ் பியோர்ன்ஸ்டாட் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். தோட்டா கட்டும் ஆர்டிஸ் என்றால் சின்னப் பிள்ளைகூட வழி சொல்லும். பேருந்து அவள் வயிற்றுப்பாட்டுக்கு. மரியாதை முழுக்க வீட்டின் நிலவறையில், மேப்பிள் பலகை போட்ட மேசையில் இருந்தது.

மான் வேட்டை தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே ஆட்கள் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைக் காப்பி டப்பாவில் அள்ளிக்கொண்டு வருவார்கள். ஆர்டிஸ் ஒவ்வொன்றையும் விரலால் உருட்டிப் பார்ப்பாள். கழுத்தில் மயிரளவு கீறல் தெரிந்தாலும் குப்பைதான். "இது நல்லாத்தானே இருக்கு?" என்று எவனாவது இழுத்தால், "உன் கண்ணு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? அப்படியே இருக்கட்டும்" என்பாள். வந்தவன் அதைத் தானே குப்பையில் போடுவான்.

மேசைக்கு அவள் வைத்திருந்த சட்டங்கள் மாதா கோவில் சட்டங்களைவிடக் கறாரானவை. அடியில் பொறி கிளப்பும் பழைய கேப்பைத் தட்டி எடுத்து, கூட்டைச் சீராக்கி, புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்து ஊற்றி, மேலே குண்டை அழுத்தும் வரை வானொலி கூடாது, பேச்சு கூடாது. கண்ணைக் காக்கும் கண்ணாடி போடாமல் உட்காரக் கூடாது. ஊற்றி முடித்ததும் விளக்கைச் சாய்த்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். வேலை முடிந்த கையோடு, மருந்தை அடிவழியே அளந்து விடும் கண்ணாடி அளவுக் குழாயில் மிஞ்சியதை அந்த டப்பாவிலேயே கொட்டிவிட வேண்டும். கைத்துப்பாக்கி மருந்து சட்டென்று எரியும், ரைஃபிள் மருந்து நிதானமாக எரியும். இதற்குப் பதில் அதைப் போட்டால் ரைஃபிள் சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. தெரிந்தும் தப்பு செய்கிறவர்கள் இருப்பதால்தான் அவளிடம் வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் முதல் ஆள் அவள் தம்பி லோவல். அம்மா போனபிறகு அவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் ஆர்டிஸ். கல்யாணம் காட்சி என்று அவள் தனக்காக எதையும் தேடிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் லோவல் வந்து, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, கூடுகளைத் துடைத்துக் கொடுப்பான். இருவரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பிறகு மேலே போய் மாட்டிறைச்சி வறுவலும் உருளைக்கிழங்கும் சாப்பிடுவார்கள். ஆர்டிஸுக்கு வாரம் என்பதே அந்த ஒரு நாளுக்காகத்தான்.

நாற்பத்தாறு வயதில் அவன் கொரீனைக் கட்டிக்கொண்டு வந்தான். ஸ்போகேன் நகரில் பல் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்தவள், எந்நேரமும் சிரிக்கிற பெண். வந்த மூன்றாம் மாதமே, "எனக்கும் தோட்டா கட்டக் கத்துக்கணும் ஆர்டிஸ், சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? உன் புருஷனுக்கு நான் கட்டித் தர்றது பத்தலையா?" என்றாள் ஆர்டிஸ். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கொரீன் மறுபடி கேட்கவில்லை.

கேட்காதவள் சும்மா இருந்தாளா என்றால் இல்லை. புத்தகம் வாங்கினாள், காணொளி பார்த்தாள், கார் கொட்டகையில் ஒரு மூலையை ஒழித்து மேசை போட்டாள். போன வருடம் அவள் கட்டிய தோட்டாவால் லோவல் பெரிய கொம்பு மான் ஒன்றை ஒரே சூட்டில் சாய்த்தான். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. காப்பிக் கடையில் ஊரே உட்கார்ந்திருக்கையில் சட்டைப் பையிலிருந்து குறிவைத்துச் சுட்ட தாளை எடுத்து விரித்தான். மூன்று ஓட்டையும் ஒரு காசுக்கடியில் மறைந்தன.

"என் பொண்டாட்டி கட்டினது. ஆர்டிஸ் கட்டினதுகூட இப்படி விழுந்ததில்ல!" என்றான்.

எல்லாரும் கைதட்டினார்கள். ஆர்டிஸும் தட்டினாள். தட்டிவிட்டு வீட்டுக்குப் போய் பாத்திரத்தையெல்லாம் இரண்டு தரம் கழுவினாள். வயிறு எரிந்தது. அதற்கு வேறு நாகரிகமான பெயர் எதுவும் கிடையாது, பொறாமைதான். அவளுக்கே அது தெரியும். தெரிந்து என்ன, இந்த வருடம் அவள் நிலவறைக்கு வந்த காப்பி டப்பாக்கள் பாதியாகிவிட்டன. மீதிப் பாதி எங்கே போனது என்று பேருந்தை லோவல் வீட்டுத் தெருவில் திருப்பும்போதெல்லாம் அவள் கண்ணாலேயே பார்த்தாள். ஞாயிறு வறுவலும் மாதத்துக்கு ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

அன்றிலிருந்து கொரீன் எதைச் செய்தாலும் அவளுக்கு நொட்டைதான். தராசு மலிவு, மேசை ஆடுகிறது, விளக்கு போதாது. "அவ மேசைய நான் பாத்தேன், எனக்கென்னமோ சரியாப் படல" என்று காப்பிக் கடையிலும் சொன்னாள், அஞ்சல் நிலையத்திலும் சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

வேட்டை தொடங்க ஒரு வாரம் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம், கொரீன் பிளம் பழ அப்பம் கொடுத்தனுப்பிய கண்ணாடித் தட்டைத் திருப்பித் தரும் சாக்கில் ஆர்டிஸ் அங்கே போனாள். தட்டைத் தருவதென்றால் சமையலறைக் கதவைத் தட்டியிருக்கலாம். அவள் நேரே கார் கொட்டகைக்குப் போனாள்.

"வாங்க வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க" என்று கொரீன் எழுந்தாள். "காலையில என் கைத்துப்பாக்கிக்குக் கட்டினேன். இப்ப லோவலோட ரைஃபிளுக்கு ஆரம்பிக்கப் போறேன். சனிக்கிழமை சுட்டுப் பாக்கணுமாம். நீங்களே ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்களேன், ஏதாவது தப்பு இருக்கா?"

மேசை துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரே ஒரு டப்பா, ரைஃபிள் மருந்து. கூடுகள் வரிசையாக நின்றன. கொரீன் கண்ணாடிகூடப் போட்டிருந்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் ஆர்டிஸின் பார்வை அளவுக் குழாய்க்கு ஏறியது. அங்கே நின்றது.

குழாயின் மேல் பாகத்தில் சின்னச் சின்னக் குச்சிகளாக ரைஃபிள் மருந்து இருந்தது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தட்டைத் தட்டையாக வேறொன்று. காலையில் மிஞ்சிய கைத்துப்பாக்கி மருந்து. அதைக் கொட்டாமல் அதன்மேலேயே இதை ஊற்றியிருக்கிறாள்.

ஆர்டிஸின் வாய் திறந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து லோவலின் குரல் கேட்டது. "கொரீன்! நீ கை வெச்சா மந்திரம்டி, இந்த வருஷமும் பெருசா ஒண்ணு அடிக்கப் போறேன் பாரு!"

வாய் மூடிக்கொண்டது.

எடைபோடும்போது தானே பார்த்துக்கொள்வாள் என்று மனசு சொன்னது. முதல் அளவைத் தராசில் கொட்டியதும் தட்டையாக விழுந்தது கண்ணில் படத்தானே செய்யும்? பதறிப்போய் எல்லாவற்றையும் கொட்டுவாள். முகம் சிவக்கும். நாளைக்கு லோவல் சிரித்துக்கொண்டே தன்னிடம் வந்து சொல்லுவான், மறுபடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவான். இவ்வளவும் ஒரு கணத்தில் அவளுக்குள் ஓடிவிட்டது.

"எல்லாம் நல்லா இருக்கு" என்றாள் ஆர்டிஸ். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் காத்திருந்தாள். போன் அடிக்கவில்லை. பள்ளி வாசலில், கடையில், பெட்ரோல் போடும் இடத்தில், எங்கேயும் யாரும் கொரீனைப் பற்றிச் சிரிக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் கொட்டிவிட்டாளோ, கெட்டிக்காரிதான் என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகுதான், பார்க்காமலே கட்டியிருந்தால் என்ற நினைப்பு வந்தது. அதை அவள் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடும் விஷயம். போட்டால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே!

சனிக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவளுக்குத் தூரத்தில் சுடும் சத்தம் கேட்டது. ஊரார் துப்பாக்கி சுட்டுப் பழகும் மைதானம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வேட்டைக்கு முந்தைய சனிக்கிழமை என்றால் காலையிலேயே தொடங்கிவிடும். வாயைக் கொப்பளிக்காமலே வண்டியை எடுத்தாள்.

லோவல் மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்தான். கொரீன் பக்கத்தில் தொலைநோக்கியோடு நின்றாள். பெட்டியில் தோட்டாக்கள் பாதி இருந்தன.

"சுடாதே! லோவல், சுடாதே!" என்று கத்திக்கொண்டே ஆர்டிஸ் ஓடினாள்.

மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வெர்ன், "எல்லாரும் நிறுத்துங்க!" என்று கையைத் தூக்கினான். வரிசை முழுக்க அமைதியானது.

"என்னக்கா? வீடு பத்திக்கிச்சா?" என்றான் லோவல்.

"உள்ள இருக்கறத வெளிய எடு. அவ கட்டினதுல தப்பு இருக்கு."

அங்கே நின்றவர்களில் ஒருவர் வெளிப்படையாகவே சிரித்தார். லோவல் சிரிக்கவில்லை. களைத்துப்போன முகத்தோடு சொன்னான்: "ஆரம்பிச்சுட்டியா? இதுவரைக்கும் பத்து சுட்டாச்சு. போய்க் குறியைப் பாரு, அப்புறம் பேசு. உனக்கு வயித்தெரிச்சல்னு ஊருக்கே தெரியும் ஆர்டிஸ். எனக்காகவாவது கொஞ்சம் அடக்கிக்கக் கூடாதா?"

அத்தனை பேர் முன்னால் அவன் அப்படிச் சொன்னது அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பெட்டியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அவ குழாயில ரெண்டு மருந்து ஒண்ணுமேல ஒண்ணா இருந்துச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். ஒடச்சுப் பாரு. தப்பு இல்லேன்னா இந்த ஊர்ல நான் இனிமே வாயே திறக்கல."

வெர்ன் ரைஃபிளிலிருந்த தோட்டாவை வெளியே எடுக்கச் சொன்னான். பிறகு மைதானத்துக் கொட்டகையிலிருந்து குண்டு கழற்றும் சுத்தியலைக் கொண்டுவந்தான். தோட்டாவை அதன் தலைக்குள் வைத்துக் கட்டையில் தட்டினால் குண்டும் மருந்தும் தனியே வந்துவிடும். மேசைமேல் வெள்ளைத் தாளை விரித்தான்.

லோவலின் ரைஃபிளிலிருந்து வந்தது முதலில். தட்டிக் கொட்டினான். குச்சி. அடுத்தது, குச்சி. அடுத்ததும் குச்சி. லோவல் கையைக் கட்டிக்கொண்டான். ஆர்டிஸுக்கு ஒரு பக்கம் உயிர் வந்தது, இன்னொரு பக்கம் ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தை அவளே கவனித்தாள். கவனித்துப் பயந்தாள்.

"நான் இடது ஓரத்துலேருந்து அடுக்கினேன்" என்றாள் கொரீன் மெல்ல. "லோவல் எப்பவும் வலது பக்கத்துலேருந்து எடுப்பார். முதல்ல கட்டினது எல்லாம் இன்னும் இடது பக்கந்தான் இருக்கும்."

வெர்ன் இடது ஓரத்துத் தோட்டாவை எடுத்துத் தட்டினான். வெள்ளைத் தாளில் தட்டைத் தட்டையாகக் கொட்டியது.

அடுத்ததிலும் அதுவேதான், அதற்கடுத்ததில் இரண்டும் கலந்து. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் லோவலின் கன்னம் ரைஃபிளோடு ஒட்டியிருக்க, இந்தத் தோட்டா உள்ளே போயிருக்கும்.

"எடையைத்தான் பாத்தேன்" என்று கொரீன் வாய்க்குள் முனகினாள். "எண் சரியா இருந்துச்சு. மருந்தைப் பாக்கல. கடவுளே, நான் மருந்தைப் பாக்கல." முகத்தில் ரத்தமே இல்லை.

லோவல் எழுந்து வந்து அக்காவைச் சேர்த்து அணைத்துக்கொண்டான். "மன்னிச்சுக்கோ ஆர்டிஸ். என் வாய்க்குக் கொழுப்பு. நீ இல்லேன்னா இன்னிக்கு எனக்கு முகமே இருந்திருக்காது." சிரித்தவர் தொப்பியைக் கழற்றினார். வெர்ன் அவள் முதுகில் தட்டினான். ஆர்டிஸ் தம்பியின் தோளில் முகத்தைப் பதித்துக்கொண்டு, இவன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டான் என்று நினைத்தாள். இரண்டு வருடத்தில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"ஆர்டிஸ்" என்று கொரீன் கூப்பிட்டாள். அவள் அழவில்லை. தாளில் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குழாயில ரெண்டும் இருந்ததை நீங்க எப்ப பாத்தீங்க?"

"என்ன கேள்வி இது? பாத்தேன், அவ்வளவுதான்."

"நீங்க வந்தப்ப நான் இன்னும் ஒண்ணுகூடக் கட்டல. நீங்க போனதும் கட்ட உக்காந்தேன், முடிச்சுட்டுக் குழாயைக் கொட்டிட்டேன். அப்புறம் நீங்க வரவே இல்லையே." கொரீன் தலைநிமிர்ந்தாள். "தப்பு இருக்கான்னு நான் கேட்டேன். எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னீங்க. நான் கத்துக்குட்டி, எனக்குத் தெரியல. நீங்களுமா கத்துக்குட்டி?"

லோவலின் கை இன்னும் ஆர்டிஸின் முதுகில்தான் இருந்தது. "வியாழக்கிழமையா?" என்றான். "ஆர்டிஸ், வியாழக்கிழமையே உனக்குத் தெரியுமா?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நேற்றுத்தான் நினைவு வந்தது என்று என்னென்னவோ. ஆனால் அவன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்துக்கொண்டு அவளால் சொல்ல முடியவில்லை.

"அவளே பாத்துக்குவான்னு நெனச்சேன்" என்றாள்.

அவன் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. ரைஃபிளை உறையில் போட்டான், தொலைநோக்கியை எடுத்தான், மனைவியைக் கைபிடித்துக் கூட்டிப்போய் வண்டியில் உட்கார வைத்தான். பிறகு திரும்பி வந்து ஆர்டிஸின் முன்னால் கையை நீட்டினான்.

"எங்க வீட்டுச் சாவி ஒண்ணு உங்கிட்ட இருக்கில்ல, அதக் குடு."

ஆர்டிஸ் வளையத்திலிருந்து அதைக் கழற்ற முயன்றாள். இறுகிய வளையம் நகத்துக்குப் பிரியவில்லை. லோவல் பொறுமையாக நின்று, கடைசியில் வளையத்தை அவள் கையிலிருந்து வாங்கி, தானே கழற்றிக்கொண்டு போனான்.