இங்கிலாந்துக் குளிரும் எங்கள் சர்ச் செயலாளரும்

இன்று எங்கள் ஊரான திகாம் பத்துவின் பஸ் நிறுத்தத்தில் எங்கள் சர்ச் செயலாளர் என் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"மக இங்கிலாந்து போறாளாமே, என்னா படிக்க?"

நானே சொன்னேன். விண்கலத்தில் வைக்கும் கருவி செய்யப் பயிற்சி. நட்சத்திரங்களின் மிக மெல்லிய வெப்பத்தை அது உணர வேண்டும். கருவியின் சொந்தச் சூடு அதை மறைத்துவிடாமலிருக்க, திரவ ஹீலியத்தால் குளிரவைப்பார்கள்.

"ஃபிரிட்ஜ் வேலதானே? இங்க பக்கத்துல அலோர் ஸ்டார் டவுன்லயே படிக்கலாம்லா! அந்தக் குளிர்ல பொம்பளப் புள்ளைக்குக் கர்ப்பப்பை கெட்டுப்போகும், சிஸ்டர். அப்புறம் யாரு கட்டுவா?"

நேற்றுவரை சம்மதித்திருந்த அம்மா, பஸ்ஸில் மெல்லக் கேட்டார்: "போய்த்தான் ஆகணுமாம்மா?"

செயலாளரின் மகன் லண்டனில் சட்டம் படிக்கிறான். அவன் பனியில் நிற்கும் படத்தைச் சபை முழுக்கக் காட்டியவர் இவர்.

ஆண்பிள்ளைகளிடம் மட்டும் அந்தக் குளிர் மரியாதையாக நடந்துகொள்ளும் போலிருக்கிறது. எதற்கும் உங்கள் வீட்டுப் பையன்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.