கடைசி வரிசைக் கிழங்கு

அம்மாவைப் பெற்ற எங்கள் அம்மிச்சி சாகப்போகிறாள் என்று நான் முதன்முதலாகக் கதறி அழுதபோது எனக்கு ஒன்பது வயது. அவள் இறந்தது போன வருடம்தான். தொண்ணூறைத் தாண்டி, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு. அழுகையை நாற்பது சொச்சம் வருடம் முன்கூட்டியே செலவழித்துவிட்டதால் சாவன்று என்னிடம் கையிருப்பு இல்லை. கல்நெஞ்சுக்காரன் என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

பயம் எனக்குப் பிறவிச் சொத்து. நெஞ்சில் வாயு பிடித்தால் ஈசிஜி எடுக்க ஓடுகிறவன் நான். அலுவலக நேரத்தில் மனைவி போன் செய்தால், யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டேதான் எடுப்பேன். வருகிற வழியில் தயிர் வாங்கி வரச் சொல்லக் கூப்பிட்டிருப்பாள். இந்தக் கலையில் எனக்கு அரங்கேற்றம் நடந்தது மலைமேல், சோலூருக்குப் பக்கத்தில், அம்மிச்சியின் உருளைக்கிழங்குக் காட்டில், ஓர் அரையாண்டு விடுமுறையில்.

அம்மிச்சி கல்யாணம் முடிந்த கையோடு கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறியவள். சோளத்தையும் கம்பையும் மட்டுமே பார்த்து வளர்ந்தவளுக்கு முதல் வருடக் குளிரில் விரல் மடங்கவில்லையாம். அவள் புருஷன், எங்கள் அப்பிச்சி, போய்ச் சேர்ந்த பிறகு அவள் ஊரைப் பார்க்க இறங்கிவிடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் மண் கிளறும் கொத்தை எடுத்துக்கொண்டு காட்டைப் பார்க்க இறங்கினாள். கேரட், பூண்டு, கோஸ், கிழங்கு என்று அந்தச் சரிவில் ஏதாவது ஒன்று எப்போதும் மண்ணுக்குள் இருக்கும். பனி கருக்கிய வருடமும் காட்டெருமை மேய்ந்துவிட்டுப் போன வருடமும் அவளுக்கு ஒன்றுதான். வேலையைத் தள்ளிப்போடுகிறவர்களைத்தான் அவளால் சகிக்க முடியாது. மழை நிற்கட்டுமே என்று யாராவது இழுத்தால், "நின்னதும் நீ வா, நா போறேன்" என்று சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விடுவாள்.

அந்த மார்கழியில் கிழங்குச் செடிகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. காட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வேலைக்கு வந்த பெண்களிடம் அம்மிச்சி சொன்னாள்: "இந்தக் கெழங்க எடுத்துப் போட்டுட்டா என்ற கத முடிஞ்சுது."

"போன வருசமும் இதேதானுங்க சொன்னீங்க. எழவுக்குக் கட்டறதுக்குச் சேலகூட எடுத்து வெச்சிருந்தனுங்க" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு போகத்திலும் அவள் சொல்கிற வசனம்தானாம் அது. ஆட்களை விரட்டி வேலை வாங்க அம்மிச்சி அப்படித்தான் பேசுவாள் என்று மாமா எனக்கு விளக்கிச் சொன்னார்.

எனக்கு விளக்கம் ஏறவில்லை. செடி பழுத்தால் கிழங்கு எடுப்பார்கள். கிழங்கு எடுத்தால் அம்மிச்சி செத்துப்போவாள். பள்ளிக்கூடத்தில் எந்தக் கணக்கும் பிடிபடாத எனக்கு இது மட்டும் ஒரு நொடியில் பிடிபட்டது.

மறுநாளிலிருந்து என் விடுமுறை வேலையாகிப்போனது. பச்சை மாறாத செடி எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்து அதன் பக்கத்திலேயே நின்றேன். பழுத்த இலைகளைக் கிள்ளி எறிந்து, மிச்சமிருப்பதைப் பச்சையாகக் காட்டப் பார்த்தேன். குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் வேரில் ஊற்றினேன். கிழங்கு அழுகிப்போகும் என்று மாமா காதைத் திருகினார். மத்தியானம் அம்மிச்சி கண்ணயர்ந்தால், மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். ஒருமுறை அவள் கண்ணைத் திறந்து, "என்ன கண்ணு?" என்றாள். ஈ என்றேன். அந்தக் குளிரில் ஈ ஏது? அவள் என் விரலைப் பிடித்துத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டு மறுபடியும் தூங்கிப்போனாள்.

கிழங்கு எடுக்கிற நாள் வந்தது. ஒரு போர் தொடங்குவதைப் பார்ப்பதுபோல் வரப்பில் நின்று பார்த்தேன். வரிசை வரிசையாகக் கொத்து இறங்க, மண் புரள, சாக்குகள் நிறைந்தன. சாயங்காலம் ஓடைப் பக்கம் ஒரே ஒரு வரிசை மிஞ்சியது. நான் ஓடிப்போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மாமா எழுந்திருக்கச் சொன்னார். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். "இத எடுத்தா அம்மிச்சி செத்துப்போயிரும்" என்று சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காடே சிரித்தது. இவனைப் பொம்மையாகக் கட்டி நிறுத்தினால் காட்டுப்பன்றி கிட்டே வராது என்றார் ஒருவர். காலையில் மேட்டுப்பாளையத்துக்கு லாரி போகிறதே என்று மாமா என் கையைப் பிடித்து இழுத்தார். அப்போதுதான் அம்மிச்சி சொன்னாள்:

"உடு. ஒரு வரிசதானே, கெடக்கட்டும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

மாமா அவளை வெறித்துப் பார்த்தார். நாளைக்கு என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அவர் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் கிருத்திகை, மண்ணைத் தொட வேண்டாம் என்றாள். அதற்கடுத்த நாள் மூட்டம் அதிகம் என்றாள். சாக்கு மூட்டைகள் லாரியேறிப் போய்விட்டன. நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்த வரிசையின் மேல் காவல் இருந்தேன். அம்மிச்சியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். என் பிடிவாதத்துக்கு அவளே பணிந்துவிட்டாள் என்று எனக்கு அப்படியொரு கர்வம்.

அதைக் கெடுத்தவர் அத்தை, மாமாவின் மனைவி. மாமியார் எதிரில் வாய் திறந்து நான் பார்த்தே இராத மனுஷி. ஒரு காலையில் கொத்தைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"எந்திரிங்க அத்தெ. பையனச் சாக்கு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காதீங்க."

"ஒரு வரிசதானே புள்ளெ."

"ஒரு வரிசையும் வேண்டாம், ஒரு நாளும் வேண்டாம். எந்திரிங்க."

அம்மிச்சி எழுந்துவிட்டாள். நான் எழவில்லை. அத்தை என்னை ஒரு கையால் தூக்கி அப்பால் வைத்துவிட்டுக் கொத்தை ஓங்கினார். நான் பாய்ந்துபோய் அவருடைய இடது கையைக் கவ்வினேன். ரத்தம் வந்தது. அத்தை என்னை அடிக்கவில்லை, உதறக்கூட இல்லை. நான் களைத்து விடும்வரை நின்றுவிட்டு, கொத்த ஆரம்பித்தார். அந்த வரிசை முடிந்தது. யாரும் பார்க்காதபோது ஒரு கிழங்கை மட்டும் மண்ணுக்குள் தள்ளி மூடினேன். கையில் மிஞ்சியிருந்த மருந்து அது ஒன்றுதான்.

அன்று மத்தியானமே அத்தையும் அம்மிச்சியும் பஸ் ஏறிப் போனார்கள். தங்கச்சி ஊட்டுக்குப் போகிறேன் என்று மாமாவிடம் அம்மிச்சி சொல்லியிருந்தாள். தைப்பொங்கலும் தாண்டித் திரும்பியவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன்; பாதி ஆளாக இருந்தாள். ஆனால் உயிரோடு இருந்தாள். மண்ணுக்குள் ஒளித்த கிழங்கின் மகிமை என்று நான் உறுதியாக நம்பினேன். அத்தையோடு மட்டும் பல வருடம் பேசவில்லை. அவர் தட்டில் போட்ட பலகாரத்தைத் தின்பேன். முகத்தைப் பார்க்க மாட்டேன்.

அம்மிச்சியின் காரியம் முடிந்த அன்று சமையல் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அத்தைதான் சொன்னார். கர்ப்பப்பையில் கட்டி என்று அந்த வருடம் ஐப்பசியிலேயே டாக்டர் சொல்லிவிட்டாராம். உடனே கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்யவேண்டும், தாமதித்தால் கையை விட்டுப் போய்விடும் என்றாராம். கெழங்கு மண்ணுல இருக்குதுங்க, எடுத்துட்டு வர்றேன் என்று அம்மிச்சி எழுந்து வந்துவிட்டாள். மகனிடம் சொல்லக் கூசுகிற இடத்தில் நோய். துணைக்குப் போன மருமகளுக்கு மட்டும்தான் தெரியும். கத்தி வைத்தால் பிழைக்க மாட்டோம் என்று அம்மிச்சி முடிவே கட்டியிருந்தாளாம்.

அப்போது அவளுக்கு இன்றைய என் வயதுதான். பனிக்கும் காட்டெருமைக்கும் அஞ்சாதவள், காட்டில் ஒரு வரிசை மிச்சமிருக்கும்வரை பஸ் ஏற வேண்டியதில்லை என்று உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு வசதியாக, அந்த வரிசையைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவன் நான். அவளைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பில் எமனுக்குச் சம்பளமில்லாத உதவியாளாக வேலை பார்த்திருக்கிறேன்.

அத்தை சொல்லச் சொல்ல அந்தக் காலைப்பொழுது எனக்குத் திரும்பவும் தெரிந்தது. வரிசை முடிந்ததும் அத்தை கொத்தைக் கீழே போட்டார். அம்மிச்சி மண்ணில் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் விடவில்லை. நான் வரப்பில் நின்று, நல்லா வேணும், என் பல் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று அம்மிச்சியே பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கடித்தது இடது கையை. அவள் பிடித்துக்கொண்டிருந்தது கொத்துப் பிடித்த வலது கையை.