விதைநெல்லுக்குள் வைத்த பாட்டில்

என்னைக் கூமுட்டை என்று திட்ட நினைப்பவர்கள் முழுக்கதையையும் படித்துவிட்டு மொத்தமாகத் திட்டலாம். நாங்கள் ஐந்து பேர் வீட்டிலேயே இஞ்சி பீர் நுரைக்க வைத்து, அந்தச் சேதியை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துகொள்பவர்கள். போதை கிடையாது, அலட்டல் மட்டும் உண்டு.

புரட்டாசி மழைக் குளிரில் என் பாட்டில் நுரைக்கவே இல்லை. நன்னிலத்தில் மச்சான் வீட்டுக்குப் போனபோது, முளைகட்ட வைத்திருந்த விதைநெல் மூட்டை வைக்கோலுக்கடியில் கதகதவென்று இருந்தது. பையில் கொண்டுபோயிருந்த பாட்டிலை யாருக்கும் தெரியாமல் அந்த நெல்லுக்குள் புதைத்து, குழுவில் படம் போட்டேன்.

"மூடிய லூசா வச்சீங்களா?" என்று அதிராம்பட்டினத்து நண்பர் கேட்டார். இறுக்கித்தான் மூடியிருந்தேன்; எழுந்துபோகச் சோம்பல்பட்டு, கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுத் தூங்கிப்போனேன்.

மறுநாள் மத்தியானம் சாம்பார் ஊற்றும்போது மூட்டைக்குள் பாட்டில் வெடித்தது. நாற்றங்காலுக்குப் போகவேண்டிய விதை முழுக்கக் கண்ணாடிச் சில்லு. அங்கே வெறுங்காலோடு இறங்குகிறவர்களை நினைத்ததும் தார்ப்பாயைத் தேடி ஓடினேன்.

தார்ப்பாயில் கொட்டிப் பொழுது சாயும்வரை இருவரும் பொறுக்கினோம். மச்சான் ஒரு வார்த்தை திட்டவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தின்மேல் எனக்கிருந்த மரியாதை அன்றைக்குத்தான் போனது.

"ஒரு சில்லுகூட இல்ல மச்சான், சத்தியமா" என்றேன்.

"அப்ப நாத்தங்கால்ல மொதல்ல நீங்க எறங்குங்க மாப்ள."