அடங்காத இரண்டாவது சத்தம்

அன்னவாசலில் தையல் கடை வைத்திருக்கும் ஜெயராணி, ஆவூரில் பிறந்தவள். அவள் தம்பி டேவிட்டுக்குப் பத்தொன்பது வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டுவான். குழாய் சொட்டினால் யாரோ திட்டுவதாகச் சொல்வான்.

சித்தப்பா அருள்சாமி, அவர்கள் அம்மா ஜெபமாலையம்மாளைச் சொந்தக்காரர்கள் முன்னாலேயே ஏசினார்: "செல்லம் குடுத்து நீதான் கெடுத்த." பதினோரு வருஷம் அந்தப் பழியோடு, மகன் குணமாகப் பட்டினி நேர்ச்சை இருந்தே அம்மா போய்ச் சேர்ந்தாள்.

போன வருஷம் திருச்சி ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வுக்காக அக்கா, தம்பி இருவர் தலையிலும் ஒயர் ஒட்டி, காதில் டக் டக்கென்று இரண்டு சத்தம் கேட்க வைத்தார்கள்.

டாக்டரம்மா விளக்கினார்: "முதல் சத்தத்துக்கு எல்லார் மூளையும் முழிச்சுக்கும். ரெண்டாவதை, தெரிஞ்சதுதானேன்னு அடக்கிடும். டேவிட்டுக்கு அது சரியா அடங்கலை. எல்லாம் முழுசா உள்ள வருது. ஒங்களுக்கும் கொஞ்சம் அப்படித்தான், ஆனா நோய் இல்லை. பல மரபணுக்கள் சேர்ந்து இப்படிச் செய்யும்னு நினைக்கிறோம். எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியாது. வளர்ப்பால வர்றதில்லைங்க."

"இதை எங்கம்மா உயிரோட இருக்கையில ஏங்க ஒருத்தரும் சொல்லலை?"

டாக்டரம்மா ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினார்.

ஜெயராணி தம்பியைக் கடையில் விட்டுவிட்டு நேரே ஆவூருக்கு பஸ் ஏறினாள். சித்தப்பா வீட்டில் பேத்தி முதல் முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து, வாசலில் ஸ்பீக்கர் அலறியது. அவள் பிளக்கைப் பிடுங்கினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"ஒனக்கும் பைத்தியம் புடிச்சிருச்சா?" என்றார் அருள்சாமி.

"என் மூளையும் தம்பி மூளை மாதிரிதான் சித்தப்பா. பரம்பரையா வந்ததாம். ஒங்க அண்ணன், எங்கப்பாகிட்டேருந்தும் வந்திருக்கலாம், எங்கம்மாகிட்டேருந்தும் வந்திருக்கலாம். வளர்ப்புல தப்பில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. எத்தனை பேரு முன்னாடி எங்கம்மாவ ஏசுனீங்களோ, அத்தனை பேரு முன்னாடி இப்பச் சொல்லுங்க, அவ மேல தப்பில்லைன்னு."

"விருந்து நடக்குது, அப்புறம் பேசலாம் தாயி."

"எங்கம்மாவுக்கு ஏதுங்க அப்புறம்?"

அவர் பிளக்கைத் திரும்பச் சொருகினார். அவள் சாப்பிடாமல் திரும்பினாள்.

கல்லறைத் திருநாளன்று அருள்சாமி ஜெபமாலையம்மாளின் கல்லறைக்கு மெழுகுவர்த்தியோடு வந்தார். "அதைச் சொல்லிட்டு ஏத்துங்க" என்று ஜெயராணி கையை மறித்தாள். அவர் மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அதை அவள் ஏற்றவில்லை.