தேசிக்காய் ஊர்க்காரர்

டென்மார்க்கில், விபோர்க்கில் எங்களுக்கு மேல்மாடியில் ஒரு மெக்சிக்கோக்காரர் இருந்தார். தெக்கோமான் என்ற கடற்கரை ஊர். அடர்ந்த மீசை, கோடையிலும் கம்பளித் தொப்பி. சட்டைப்பையில் எப்போதும் ஒரு தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், இருக்கும். சூப்பிலும் பிழிவார், பியரிலும் பிழிவார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான்; முதல் கார் வாங்கியவனும் நான்தான். கார் வந்த அன்று அம்மா நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். படியிறங்கி வந்த மெக்சிக்கோக்காரர், அதைக் கண்டதும் ஓடிவந்து காருக்கு முன்னால் குந்திவிட்டார்.

"நிப்பாட்டு! எங்கட ஊர் முந்தி வெறும் பத்தைக்காடு. இந்தக் காய்தான் எங்களுக்கு றோட்டுப் போட்டது, பள்ளிக்கூடம் கட்டினது. அதைப் போய் நசிக்கிறியோ?" என்று டேனிஷில் கத்தினார்.

"நசிக்காட்டிக் கண்ணூறு கழியாதெண்டு சொல்லு மோனை. நசிக்காம உன்னைக் காரில ஏற விடமாட்டன்," என்றார் அம்மா.

இருவருக்கும் மொழிபெயர்த்தே நான் களைத்துப்போனேன். மெக்சிக்கோக்காரரோ ஒரு காயை எடுத்து, அதில் ஒட்டியிருந்த கடைச் சீட்டை வாசித்தார். முகம் மலர்ந்தது.

"இது பிரேசில் காய்! எங்கட சந்தையைப் பிடிச்சவங்கள். நல்லா ஏத்து!"

தானே அதைச் சில்லுக்கு நேராக வைத்தார். கார் அதன்மேல் ஏறியபோது எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் அவர்தான். அது என் காருக்கா, பிரேசில் காய் நசிந்ததற்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.