ஸ்டெல்லாக்கா மீனுல விஷமாம்

இன்னிக்குக் காலையில திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்ல ஸ்டெல்லாக்கா மீன்கடையில வாங்க ஒரு ஆள் இல்ல. சங்கராவும் வஞ்சிரமும் ஐஸ்லயே கிடக்கு.

என்னைப் பார்த்ததும் அக்கா போனை நீட்டுனாங்க. அவுங்க கடை போட்டோ. கீழ, “இந்த மீனைத் தின்ன குழந்தை செத்துப்போச்சு.” அதே வரி, எழுத்துகூட மாறாம, வேற வேற பேர்ல.

“கம்பெனி இல்லாத சோஷியல் மீடியா, இங்க பொய் இருக்காது”ன்னு நான் எல்லாரையும் கூப்பிட்டேனே, அங்கதான்.

“யாரு தம்பி எழுதுனது?”

“ஆளுங்க இல்லக்கா, பாட். யாரோ புரோகிராம் எழுதி விட்டிருக்காங்க.”

“மெஷினுக்கு எம்மேல என்ன கோவம்?”

அதுல எங்க சர்வரை நடத்துற நண்பனுக்குப் போன் போட்டேன்.

“இங்க தூக்கிட்டேன் மச்சான். மத்த சர்வரெல்லாம் வேற வேற ஆளுங்க நடத்துறது, அதுல நான் கைவைக்க முடியாது.”

“இதையெல்லாம் நடத்துறவங்க ஆபீஸ் எங்க இருக்கு? நேர்லயே போறேன்”னாங்க அக்கா.

“அப்படி ஒரு ஆபீஸே இல்லக்கா.”

“அப்போ யாரைத்தான் கேக்கறது?”

நான் அக்காகிட்டயே சங்கரா வாங்கிட்டு வந்து, குழம்பு வெச்சு, வீட்ல எல்லாரும் சாப்பிட்டோம்னு அங்கயே எழுதுனேன்.

உடனே ஒரு பதில். “இப்படி எழுத நீ எவ்ளோ காசு வாங்குன?”

இது பாட் இல்ல. சிதம்பரத்துல என் ஆபீஸ்ல பக்கத்து சீட்ல வேலை பார்க்கிறவர்.

நாளைக்கு அவர்கூடத்தான் டீ குடிக்கணும். என்ன பேசறதுன்னு யாராவது சொல்லுங்களேன்.