ஆர்டர் கைக்கு வரட்டும்

இந்த ஊர் பேக்கரியில் ரொட்டியைப் பையில் போட்ட பிறகு 'வேறு ஏதாவது?' என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். பின்னால் ஏழு பேர் நின்றாலும், நான் யோசித்து முடிக்கும்வரை கடைக்காரப் பெண்மணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஜெர்மனிக்கு வந்து நான்கு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் 'வேற ஏதாவது கேக்கணுமா?' என்று அதிகாரி சொன்னால், எழுந்து போகச் சொல்கிறார் என்று பொருள். இந்த வித்தியாசம் உறைக்காமல் என் மகளின் பத்தாம் வகுப்பைத் தொலைத்தேன். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன். பூசி மெழுகப் போவதில்லை.

என் வீடு எளாவூரை ஒட்டிய கிராமத்தில் இருக்கிறது. கணவர் சேகர் அங்கே நெல் பயிரிடுகிறார், நிலத்தை விட்டு வரமாட்டார். மகள் நிவேதா அவரோடு இருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டாள். 'நீ வந்து பக்கத்துல குந்திக்கினா போதும்மா, நான் போட்டுடுவேன்' என்று போனில் அழுதாள். நான் பார்ப்பது தொழிற்சாலைத் தர அறிக்கை எழுதும் வேலை. கணினியும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் எழுதலாம். ஆனால் ஜெர்மனியில் நான் முன்பு இருந்த கம்பெனி ஒரு நாள்கூட வீட்டிலிருந்து வேலை செய்ய விடாது. ஜனவரியிலிருந்து பத்தாவது பரீட்சை முடிகிறவரை ஊரிலிருந்து வேலை செய்ய வேண்டும். வேறு வேலை தேடியதே அதற்காகத்தான்.

விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடலாமா என்று சேகரிடம் கேட்டேன்.

'நீ சும்மா இரு தேவி. மொதல்ல வேல ஆர்டர் கைக்கு வர்ட்டும். உள்ள போய்க்கினு அப்பால கேட்டுக்கலாம். இப்பவே கேட்டா, இவ இன்னா வேலைல சேரங்காட்டியும் பேஜாரு பண்றான்னு வேற ஆளப் பாத்துக்குவான்.'

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எனக்கும் அதேதான் மண்டையில் ஏறியிருந்தது. இருபத்தோரு வயதில் டிப்ளமோ சான்றிதழோடு சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குப் போனேன். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்தால் கம்பெனி பஸ் நெடுஞ்சாலையில் இறக்கிவிடும். அங்கிருந்து ஊருக்குள் நடக்க வேண்டும், வழியெல்லாம் லாரி. 'மொதல் ஷிஃப்ட் மட்டும் கெடைக்குமா சார்?' என்று கேட்டேன். அதிகாரி என் காகிதங்களை மேஜையில் என் பக்கமாகத் தள்ளினார். 'உள்ள வர்றதுக்கு முன்னாடியே கண்டிஷனா? அடுத்த ஆளக் கூப்பிடு.' வெளியே உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாருக்கும் அது கேட்டது. அடுத்த கம்பெனியில் வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சேர்ந்தேன், இரண்டு மாதம் மாடாக உழைத்தேன், பிறகு ஷிஃப்ட் இன்சார்ஜ் நல்ல மூடில் இருக்கும் நாள் பார்த்து, 'அண்ணா, ஒரு சின்ன விஷயம்' என்று ஆரம்பித்தேன். ஷிஃப்ட் மாறியது. எங்கள் பக்கம் எல்லாரும் இப்படித்தான் காரியம் சாதிக்கிறோம்.

ஜெர்மனியில் புதிய கம்பெனியில் மூன்று சுற்று நேர்காணல். கடைசிச் சுற்றில் மேலாளர் ஃப்ராவ் கெல்லர், அதாவது திருமதி கெல்லர், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, 'எங்கிருந்து, எப்படி வேலை செய்ய விரும்புகிறீர்கள்? ஏதாவது விருப்பம் இருக்கிறதா?' என்று கேட்டார். பேனா காகிதத்தின் மேலேயே இருந்தது. என் காதில் நிவேதாவின் அழுகை. வாயோ, 'ஒன்றுமில்லை, எனக்கு எதுவும் சரி' என்று பல்லைக் காட்டியது. அவர் அதை எழுதிக்கொண்டார். நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதாக நினைத்து ரயிலில் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நவம்பரில் சேர்ந்தேன். பத்தாவது நாள், அவர் காபியோடு சிரித்த முகமாக இருந்த நேரம் பார்த்து, 'ஒரு சின்ன விஷயம்' என்றேன்.

'இது சின்ன விஷயம் இல்லையே' என்றார் ஃப்ராவ் கெல்லர். 'நேர்காணலில் ஏன் சொல்லவில்லை? நான் கேட்டேனே.'

'மரியாதைக்காக.'

'யாருக்கு மரியாதை?'

அவர் நோட்டைப் புரட்டிக் காட்டினார். 'விருப்பம் எதுவும் இல்லை' என்று என் பெயருக்கு நேரே இருந்தது. அதை நம்பி ஜனவரி முதல் மார்ச் வரை நேரில் இருந்து செய்ய வேண்டிய ஆய்வக வேலையை என் தலையில் வைத்திருந்தார். அதற்கு மேல் ப்ரோபெட்ஸைட், அதாவது முதல் ஆறு மாதச் சோதனைக் காலம். ஒப்பந்தத்தில் எழுதாத எதையும் அதற்குள் தர முடியாதாம். என்னோடு அன்றே சேர்ந்த போர்த்துக்கல்காரி முதல் சுற்றிலேயே ஹோம்ஆபீஸ் என்கிற வீட்டிலிருந்து வேலையைக் கேட்டிருக்கிறாள். வருடத்தில் இரண்டு மாதம் தன் ஊரிலிருந்து வேலை செய்யலாம் என்று அவள் ஒப்பந்தத்தில் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். கேட்டாள், கிடைத்தது. அவ்வளவுதான்!

வெளிநாட்டு வேலைக்கு மனுப்போடுகிறவர்களே, வேலை என்னவென்று பேசி முடித்ததும், சம்பளப் பேச்சுக்கு முன்னால் கேளுங்கள். கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள். வேலை போனால் போகட்டும். கேட்டால் போய்விடுகிற வேலை உங்களுக்கு எதற்கு? சிப்காட் அதிகாரிகளே, கேட்ட பெண்களை வெளியே அனுப்பி அனுப்பி, கேட்கவே தெரியாத பெண்களாக எங்களை ஆக்கி வைத்திருக்கிறீர்கள். கடல் கடந்து வந்தும் உங்கள் மேஜைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்களை நான் மன்னிக்கவில்லை.

நிவேதா தனியாகப் பரீட்சை எழுதினாள். கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறினாள். கேட்ட முதல் குரூப் கிடைக்கவில்லை, இப்போது வணிகவியல். மே மாதம் சோதனைக் காலம் முடிந்ததும் ஃப்ராவ் கெல்லர் தாமாகவே ஆறு வாரம் ஊரிலிருந்து வேலை செய்ய அனுமதி கொடுத்தார். ஜூனில் ஊருக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் நிவேதா கோபப்படவில்லை, அழவும் இல்லை. 'அப்பவே கேட்டிருக்கலாம்லமா?' என்று மட்டும் சொல்லிவிட்டு என் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை மதியம் உள்ளறையில் கணினியைத் திறந்து கூட்டத்தில் சேர்ந்தேன். நெடுஞ்சாலையில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. திரையில் ஃப்ராவ் கெல்லர் சிரித்தார்.

'எங்கே இருக்கிறீர்கள்?'

'வீட்டில்' என்றேன்.

அதே நேரம் வாசலில் பக்கத்து வீட்டு அக்காவின் குரல். 'இன்னாடி நிவேதா, அம்மா வந்துக்கீதாமே, எங்க?'

'அம்மா ஆபீஸ்ல கீறாங்க' என்று சொல்லி, நிவேதா என் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.